பிடி கழன்ற குவளை

பென்டில் ஹில், சிட்னி
மார்கழி 7, திருவள்ளுவர் ஆண்டு 2055 (22 திசம்பர் 2024)

பிரையர்விக் கைவினை நிறுவனத்தின் இயக்குநர்களே! அந்நிறுவனத்தின் மெழுகுதிரிப் பெட்டியை நம்பி அடுப்பருகே பிள்ளையை நிறுத்திய தாய்மாரே, தந்தைமாரே! நாளை மாலை தமிழ்ச்சங்க மண்டபத்தில் இம்மடலை நான் படிக்கும்போது கேட்கப்போகும் அவையோரே!

உங்கள் குவளை என் மகளின் இடக்கையை வேகவைத்துவிட்டது. இதுவே என் முறைப்பாடு.

மகள் பெயர் நிறைமதி. வயது பன்னிரண்டு. கார்த்திகை விளக்கீட்டுக்கு இவ்வாண்டு நானே திரி வார்ப்பேன் என்றாள். பெட்டியில் இருந்த செய்முறைத் தாளை வரிவரியாகப் படித்தாள். சொன்னபடி நீரைச் சூடாக்கி, சொன்னபடி குவளையை அதில் இறக்கி, சொன்னபடி மெழுகை உருக்கினாள். என் மனைவி தர்சினி அருகிலேயே நின்றாள். பிள்ளை இடக்கையால் அச்சைப் பற்றிக்கொண்டு வலக்கையால் குவளையைத் தூக்கினாள். பிடி மட்டும் கையோடு வந்தது. குவளை கவிழ்ந்தது.

அந்தப் பிடியை ஆணியால் அறைந்திருக்கவில்லை. பற்றவைத்திருக்கவில்லை. பசையால் ஒட்டியிருந்தார்கள்! சூடாக்குவதற்கென்றே செய்த பாத்திரத்தின் பிடியைச் சூட்டில் இளகும் பசையால் ஒட்டலாம் என்று முடிவு செய்த அறிவாளி யார்? அவர் பெயர் எனக்கு வேண்டும்.

ஆங்கிலம் இருக்கத் தமிழில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் நான் ஒரு பேருந்து ஓட்டுநர். 'நன்றி', 'மன்னிக்கவும்' என்னும் இரண்டுக்கு மேல் அம்மொழி என்னிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை. தமிழில் நான் கேள்வி கேட்கத் தெரிந்தவன். நண்பர் துஷாந்த் செய்த மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன்.

மடலில் நலம் உசாவுவது எங்கள் வழக்கம். உங்கள் பிள்ளைகளின் கைகள் நலமா? விரல்கள் நீட்ட வருகின்றனவா?

விற்பனையை நிறுத்துங்கள். விடை எழுதுங்கள்.

ஐ. சிவமணி

* * *

பிரையர்விக் கைவினை நிறுவனம்
9 சனவரி 2025
(தமிழாக்கம்: துஷாந்த்)

மதிப்புமிக்க சிவமணி அவர்களுக்கு,

புத்தாண்டில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் இருப்பீர்கள் என்று நம்புகிறோம். எங்கள் மெழுகுதிரிப் பெட்டி தங்கள் எதிர்பார்ப்பை முழுமையாக நிறைவு செய்யவில்லை என்பதை அறிந்து வருந்துகிறோம்.

தங்கள் கருத்தை மேலே கொண்டுசெல்ல, பெட்டியை வாங்கிய கடைச்சீட்டும், பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் காட்டும் ஒளிப்படங்களும் தேவைப்படுகின்றன. இதற்கிடையில் எங்கள் நல்லெண்ணத்தின் அடையாளமாகத் தங்கள் மகளுக்கு லாவெண்டர் மணமுள்ள புதிய மெழுகுதிரிப் பெட்டி ஒன்றை அனுப்பியுள்ளோம். அவர் அதைச் செய்து மகிழ்வார் என்று நம்புகிறோம்.

வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு

அண்ணை, நான் இதில ஒண்டும் கூட்டேல்லை, குறைக்கேல்லை. உப்பிடித்தான் எழுதியிருக்கிறாங்கள். — துஷாந்த்

* * *

பென்டில் ஹில்
தை 5, 2056 (18 சனவரி 2025)

அன்புத் தங்கை சோதிக்கு,

தைத்திருநாள் வாழ்த்து. இங்கு நாங்கள் உயிரோடிருக்கிறோம் என்ற அளவில் நலம். உன் உடல்நிலை எப்படி? மெல்பேணில் வெயில் கடுமை என்கிறார்கள். கிடங்கில் காற்றாடியாவது வைத்திருக்கிறார்களா?

நிறைமதிக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கட்டை அவிழ்க்கும்போது நான் அறைக்கு வெளியே நிற்கிறேன். ஆயிரம் பேர் முன் மேடையேறும் நான் அந்தக் கதவைத் தாண்டுவதில்லை. அவளோ, "அப்பா, என்ர கை தோசைக்கல்லில ஒட்டிப் பிய்ஞ்ச தோசை மாதிரி இருக்கு, வந்து பாருங்கோவன்" என்று என்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறாள்.

அந்தப் படுபாவிகள் இன்னொரு பெட்டியை அனுப்பியிருக்கிறார்கள், சோதி! தர்சினி அதைத் திறவாமலே குப்பைத்தொட்டியில் போட்டாள். பின்பு அயல்வீட்டுப் பிள்ளை எடுத்துவிடுமோ என்று அஞ்சித் திரும்ப எடுத்து வந்து மகிழுந்தின் பின்பெட்டியில் பூட்டிவைத்திருக்கிறாள்.

ஒரு மாமி தன் மருமகளின் பூப்பு நீராட்டுக்குக் கொண்டுவந்த பரிசுக்குக் கடைச்சீட்டுக் கேட்பது முறையன்று. முதல் நீர் வார்த்தவள் நீ. நீ கொண்டுவந்தது ஓலைத்துண்டானாலும் எமக்குப் பொன்தான். ஆனாலும் கேட்கிறேன். சீட்டு இருந்தால் உடனே அனுப்பு. இல்லையேல் கடையின் பெயரையாவது எழுது. தொலைபேசியில் சொல்லாதே, எழுதியனுப்பு. எழுத்தைத்தான் அவர்கள் முன் வைக்க முடியும்.

உன் அண்ணன்,
சிவமணி

* * *

ட்ருகனினா, மெல்பேண்
3.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன். என்னைப்பற்றி யோசிக்க வேண்டாம். அண்ணியின் பிரஷர் எப்படி? மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாவா?

மதிக்கு எந்தெந்த விரல் என்று நீங்கள் எழுதவில்லை. பெருவிரலும் சுண்டுவிரலும் தப்பியதா? எழுதும் கை வலதுதானே? பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாளா? பிள்ளைகள் பார்த்துச் சிரிக்குமா? கை முழுக்க மூடும் சட்டை இரண்டு வாங்கி அனுப்புகிறேன். அளவு எழுதுங்கள்.

சீட்டு என்னிடம் இல்லை. ஃபுட்ஸ்கிறே பக்கம் ஒரு கடை. அதுவும் இப்போது மூடிவிட்டார்கள்.

இங்கே பெரிய கம்பனிகளோடு யாரும் மோதி வென்றதாக நான் கேள்விப்படவில்லை. பிள்ளையின் கை ஆறட்டும். அதை விட்டுவிடுங்கள், அண்ணா.

எனக்கு மாலை வேலைதான். தாள் உரிப்பது, தாள் ஒட்டுவது. பாரம் தூக்குவதில்லை. கவலைப்பட வேண்டாம்.

சோதி

* * *

பென்டில் ஹில்
மாசி 4, 2056 (16 பிப்பிரவரி 2025)

தங்கையே,

நலம் கேட்டேன் என்று கொள்.

"விட்டுவிடுங்கள்" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? படகில் ஏறிக் கடலைக் கடந்தவள் நீ! பதின்மூன்று ஆண்டாக இந்நாட்டு அரசு உன்னை இடைக்கால விசா என்னும் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறது. ஒருநாளேனும் "விட்டுவிடுகிறேன்" என்று நீ சொன்னாயா? என் மகளின் மோதிரவிரலும் நடுவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. நீ கேட்டாயே, எந்த விரல் என்று. அவைதான். சட்டை வேண்டாம். அவள் மூடிக்கொண்டு திரியப் போவதில்லை.

சீட்டு இல்லையென்றால் போகட்டும். பெட்டியை எல்லாப் பக்கமும் படம்பிடித்து அனுப்பிவிட்டேன். மூலையில் ஏதோ சிவப்புத் தாளை உரித்த தடம் இருக்கிறது. பசை இன்னும் ஒட்டுகிறது. பரிசென்பதால் விலைத்தாளை உரித்திருப்பாய். "பெட்டி எங்களுடையதன்று" என்று இனி அவர்கள் சொல்ல முடியாது. பங்குனியில் மூன்று சங்கங்கள் சேர்ந்து கூட்டம் வைக்கின்றன. பேசப்போவது நான்.

உண், உறங்கு. கோபத்தில் எழுதினேன். ஆனாலும் ஒரு சொல்லையும் அழிக்கவில்லை.

சிவமணி

* * *

பிரையர்விக் கைவினை நிறுவனம்
11 மார்ச்சு 2025
(தமிழாக்கம்: துஷாந்த்)

மதிப்புமிக்க சிவமணி அவர்களுக்கு,

தங்கள் மகள் விரைவில் நலம்பெற விழைகிறோம்.

தாங்கள் அனுப்பிய படங்களை ஆராய்ந்தோம். பெட்டியின் மூலையில் உள்ள தடம், தரச் சோதனைக்கென நாங்கள் ஒதுக்கிவைக்கும் பெட்டிகளுக்கு ஒட்டும் சிவப்புத் தாளினுடையது. அவ்வகைப் பெட்டிகள் எந்தக் கடைக்கும் அனுப்பப்படவில்லை. ஆகவே தாங்கள் குறிப்பிடும் பெட்டி எங்களால் விற்கப்பட்டதன்று. எங்கள் மெல்பேண் கிடங்கிலிருந்து களவாடப்பட்டது.

களவாடப்பட்ட பொருளால் விளைந்த தீங்குக்கு நாங்கள் பொறுப்பேற்க இயலாது. எனினும் பெட்டியைத் தங்களிடம் கொடுத்தவரின் முழுப்பெயரையும் முகவரியையும் தந்தால், அதைக் காவல்துறையிடம் கையளித்தபின் தங்கள் முறைப்பாட்டைப் பரிவோடு மீளாய்வு செய்வோம்.

சட்டப் பிரிவு

* * *

பென்டில் ஹில்
17 மார்ச்சு 2025

பிரையர்விக் நிறுவனத்துக்கு,

பெட்டியை எவரும் எனக்குத் தரவில்லை. நானே தெருவோரத்தில் கண்டெடுத்தேன். முறைப்பாட்டைத் திரும்பப் பெறுகிறேன். இனி இதுபற்றி எனக்கு எழுத வேண்டாம்.

ஐ. சிவமணி

* * *

பென்டில் ஹில்
பங்குனி 3, 2056 (17 மார்ச்சு 2025)

அன்புத் தங்கை சோதிக்கு,

நலமா, அம்மா? சென்ற மடலில் கடுமையாக எழுதிவிட்டேன். நீ விடை எழுதாதது சரிதான்.

இங்கு மழை. தர்சினி முருங்கைக்கன்று ஒன்றைத் தொட்டியில் வைத்திருக்கிறாள். குளிர் தாங்குமோ தெரியாது. நிறைமதி பள்ளிக்குப் போகிறாள்.

அந்த முறைப்பாட்டை விட்டுவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. களைத்துப்போனேன். கூட்டத்துக்கு வேறு யாரையாவது பேசச் சொல்லியிருக்கிறேன்.

உன் கிடங்கில் ஆட்களோடு அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாதே. எங்களைப் பற்றி, பிள்ளையின் கையைப் பற்றி, யார் கேட்டாலும் சொல்லாதே. வேலை மாற்ற வழி இருந்தால் மாற்று. கோழிப் பண்ணையாயினும் நல்லதே. வெரிபீப் பக்கம் காய்கறித் தோட்டங்கள் இருக்கின்றன என்கிறார்கள். முடிந்தால் சித்திரைக்கு இங்கே வந்து எங்களோடு இருந்துவிடு.

இந்த மடலைப் படித்ததும் கிழித்துவிடு. பழையவற்றையும்.

அண்ணன்

* * *

பென்டில் ஹில்
6.4.2025

மச்சாள்,

சுகமா எண்டு கேட்டு எழுதோணும். கேட்கிறன். சுகமா?

உங்கட அண்ணனுக்குத் தெரியாமல் இதை எழுதுறன். மதிக்கு வாற மாசம் இன்னொரு ஒப்பரேசன். ஒட்டின விரலைப் பிரிக்கப் போகினமாம். பிரிச்சாலும் முழுக்க நீளாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவள் அதைக் கேட்டுப்போட்டு, "பரவாயில்லை, ஒரு மோதிரக் காசு மிச்சம்" எண்டாள். நான் காருக்குள்ள போயிருந்து அழுதனான்.

உங்கட அண்ணன் இப்ப மேடைக்குப் போறதில்லை. சங்கத்துப் பொடியள் வந்து, "அண்ணை, நோட்டீஸில உங்கட பேர் அடிச்சாச்சு, இப்ப மாட்டன் எண்டால் என்ன செய்யிறது?" எண்டு கேட்டவங்கள். "தொண்டை சரியில்லை" எண்டார். அந்தத் தொண்டை பதினேழு வருசமா ஒருநாளும் சரியில்லாமல் போனதை நான் பாக்கேல்லை. ஒருத்தன் போகேக்க வாசலிலேயே சொன்னான், "கம்பனிக்காரன் வாயில ஏதோ வைச்சிட்டான் போல." அது அவருக்குக் கேட்டது. கதவைச் சாத்திப்போட்டு உள்ள வந்தார்.

பிறகு நான் துஷாந்தைப் பிடிச்சுக் கேட்டன். அவன் எல்லாம் சொல்லிப்போட்டான். பெட்டி தந்த ஆளின்ர பேரைக் கேட்டவங்களாம். களவுப் பெட்டியாம். உங்கட விசாவில ஒரு பொலிஸ் கேஸ் விழுந்தால் என்ன நடக்கும் எண்டு எனக்கும் தெரியும். அவர் செய்ததைப் பிழை எண்டு நான் சொல்லேல்லை.

ஆனால் மச்சாள், உங்களோட எனக்குக் கோபமில்லை எண்டு எழுதினால் அது பொய். அதை எழுத மாட்டன். பெட்டி எங்கால வந்தது, ஏன் வந்தது, ஒண்டும் எனக்கு இப்ப தேவையில்லை. ஒரேயொரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கோ. அந்தப் பெட்டி இன்னும் வெளியால போகுதோ?

தர்சினி

* * *

ட்ருகனினா
22.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

மதியின் ஒப்பரேசன் நல்லபடி முடிய கேரம் டவுன்ஸ் கோயிலில் அர்ச்சனை வைத்தேன். அண்ணா சாப்பிடுகிறாரா?

உங்கள் கேள்விக்கு விடை: ஓம், போகுது.

கடைக்கு அனுப்பக்கூடாது என்று ஒதுக்கிய பெட்டிகளின் மூலையில் சிவப்புத் தாள். அவை எங்கள் கிடங்கின் பின்சுவர் ஓரமாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அவற்றை அழித்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மதியின் சாமத்தியவீட்டு நீராட்டுக்கு முந்தின கிழமை என் கையில் காசு எதுவும் இருக்கவில்லை. எங்கள் வேலைவரிசையை மேற்பார்க்கும் கஜீவன், "அக்கா, அது மூலை நசுங்கின பெட்டியள். எறியத்தானே போறாங்கள். ஒண்டைக் கொண்டுபோங்கோ" என்றான். அவன் நல்ல பொடியன். அவனுக்கும் குவளையைப் பற்றித் தெரியாது. மாமி வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது என்பதுதான் என் மண்டையில் இருந்தது. விலைத்தாளை உரிப்பதுபோலச் சிவப்புத் தாளை உரித்துவிட்டுப் பொன்னிறத் தாளில் சுற்றிக்கொண்டு சிட்னிக்குப் பஸ் ஏறினேன்.

மதிக்கு நடந்தபிறகுதான் அந்தத் தாளின் அர்த்தம் எனக்கு விளங்கியது. அப்போதே சொல்லியிருக்கலாம். விசா புதுப்பிக்கும் மாதம். வாய் திறக்கவில்லை.

தை மாதம் எங்களைப் பின்சுவருக்கு அனுப்பினார்கள். சிவப்புத் தாளை உரி, வெள்ளைத் தாளை ஒட்டு. வெள்ளைத் தாளில் வேறு பெயர், மலிவுக் கடைகளுக்கு. அண்ணா அங்கே அவர்களுக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் நான் இங்கே அந்தப் பெட்டிகளைத்தான் உரித்துக்கொண்டிருந்தேன், அண்ணி. உரித்த கையால்தான் "விட்டுவிடுங்கள்" என்று அவருக்கு எழுதினேன்.

முதலில் போனவற்றில் சில திரும்பி வருகின்றன. ஒரு குவளைக்குப் பிடி இல்லை. உள்ளே உறைந்த மெழுகில் ஒரு குழந்தையின் காலுறை ஒட்டியிருந்தது. மேலாளர் பார்த்துவிட்டு, "கழுவி வையுங்கள்" என்றார். நான் கழுவினேன்.

அன்னையர் நாளுக்காகப் பெரிய வண்டி வரப்போகிறது. மிச்சம் முழுவதும் 30ஆம் திகதி மாலை ஏறுகிறது. அம்மாவுக்குப் பரிசாக மெழுகுதிரி செய்யலாம் என்று பெட்டியில் படம் போட்டிருக்கிறார்கள். படத்திலுள்ள பிள்ளைக்கு மதியின் வயதுகூட இராது.

அண்ணா எனக்காகப் பொய் எழுதியிருக்கிறார். வாசலில் பேச்சு வாங்கியிருக்கிறார். அவர் கேட்டதை இனி நான் கேட்கப்போகிறேன். அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம், தெரிந்தால் தடுப்பார்.

சோதி

* * *

ட்ருகனினா
30 ஏப்பிரல் 2025

மாலைநேர வேலைக்காரரே! பின்சுவரில் என்னோடு நின்று உரித்த அக்காமாரே, தம்பிமாரே! வண்டியில் ஏற்றப்போகும் ஓட்டுநர்களே!

எல்லோரும் சுகமா? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சுகமா? அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியவள் நான். பெயர் ஐயாத்துரை சிவசோதி. இதன் ஆங்கிலப் பிரதி காலையிலேயே நுகர்வோர் காப்பு அலுவலகத்துக்கும் நிறுவன இயக்குநர்களுக்கும் போய்விட்டது. அதில் என் பெயரும் முகவரியும் இருக்கின்றன. சிவப்புத் தாள் ஒட்டிய பெட்டி ஒன்றை இங்கிருந்து கொண்டுபோனவள் நான் என்றும் எழுதியிருக்கிறேன். வேறு ஒருவர் பெயரும் அதில் இல்லை. உங்களில் யாரும் பெயர் கொடுக்கத் தேவையில்லை.

நாங்கள் உரிப்பது வெறும் தாள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். இல்லை. சூட்டில் பிடி கழலும் என்று தெரிந்துதான் அந்தத் தாளை அவர்களே ஒட்டினார்கள். தெரிந்துதான் எங்களைக் கொண்டு உரிக்கிறார்கள். எங்களை ஏன் தெரிவு செய்தார்கள்? எங்களில் பாதிப்பேரின் விசா ஆறு மாதத்துக்கு ஒருமுறை முடிகிறது. நாங்கள் வாய் திறக்க மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தைத்தான் இங்கே கூலிக்கு எடுத்திருக்கிறார்கள்.

என் மருமகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய இரண்டு விரல்கள் இனி முழுக்க நீளாது. அவளிடம் போன பெட்டியின் தாளை உரித்தது என் கை. திரும்பி வந்த குவளையைக் கழுவியதும் இதே கை. நான் கழுவியதை நீங்களும் பார்த்தீர்கள். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பொலிஸ் வந்தால் நான் போகிறேன். தடுப்பு முகாமுக்கு அனுப்பினால் அங்கிருந்தும் எழுதுவேன். எனக்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஒருவரையும் திட்ட வேண்டாம். மேலாளரிடம் கெஞ்ச வேண்டாம்.

ஐந்து மணிக்கு வண்டி பின்கதவுக்கு வரும். "கெதியா, கெதியா, நேரமில்லை" என்று கத்துவார்கள். கத்தட்டும். ஒரு பெட்டியும் அந்த வண்டியில் ஏறக் கூடாது. ஏற்றியிருந்தால் இறக்குங்கள். கதவைச் சாத்தியிருந்தால் வண்டிக்கு முன்னால் வந்து நில்லுங்கள். நான் இப்போது பின்கதவில்தான் நிற்கிறேன்.

கையிலிருப்பதைக் கீழே வையுங்கள். எழும்பி வாருங்கள்.